புதுக் கத்தி வேண்டாம், ஒரு கல் போதும்

கத்தி மழுங்கினால் நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது, இன்னொரு கத்தி வாங்குவதுதான். பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தி எந்தப் பாத்திரக் கடையிலும் ஐம்பது, அறுபது ரூபாய்க்குத் தொங்குகிறது. பழையது டிராயருக்குள் போகும். சில வருஷத்தில் டிராயர் முழுக்க மொக்கைக் கத்தியாகச் சேர்ந்துவிடும், உருப்படியாக வெட்டுவது ஒன்றுகூட இருக்காது.

நானும் என் மனைவியும் மதுரையில் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறோம். தினமும் காலையில் வெங்காயம், தக்காளி, பீன்ஸ், கோஸ் என்று பத்துப் பன்னிரண்டு கிலோ காய் நறுக்கியாக வேண்டும். உதவிக்கு ஒரு அக்கா வருகிறார். கத்தி ஒழுங்காக இல்லாத அன்று அரை மணி நேரமாவது தாமதமாகும், மணிக்கட்டும் வலிக்கும். அதனால் கூர் தீட்ட என்னென்ன கிடைக்கிறதோ அதையெல்லாம் வாங்கியோ இரவல் வாங்கியோ உபயோகித்துப் பார்த்துவிட்டேன். எல்லாருக்கும் எங்கள் அளவுக்கு வேலை இருக்காது. ஆனாலும் எதை வாங்குவது, எதை விடுவது என்பதில் வீட்டுச் சமையலறைக்கும் எங்கள் சமையலறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கத்தி மழுங்கியதைக் கண்டுபிடிக்கப் பேப்பரை வெட்டிக் காட்டும் வித்தையெல்லாம் தேவையில்லை. பெங்களூர்த் தக்காளி ஒன்றை எடுத்து, அழுத்தாமல் கத்தியை மேலே வைத்து இழுங்கள். தோலில் இறங்காமல் வழுக்கினால் மழுங்கிவிட்டது. பீன்ஸை நறுக்கும்போது துண்டு துண்டாக விழாமல் தோரணம் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். கொத்தமல்லி வெட்டின இடத்தில் கசங்கிக் கறுக்கும். வெங்காயத்தில் கண் எரிவதுகூட மொக்கைக் கத்தியில்தான் அதிகம். கூர் இல்லாதபோது கத்தி வெங்காயத்தை அறுப்பதற்குப் பதில் நசுக்குகிறது, சாறு தெறிக்கிறது.

கருவி வாங்குமுன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மழுங்குவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, கத்தியின் வாய் மடங்குவது. வாய், அதாவது வெட்டும் ஓரம், மிக மெல்லிசு. பலகையில் தினமும் தட்டித் தட்டி அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். இரும்பு அங்கேயேதான் இருக்கிறது, நேராக நிற்கவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, வாய் தேய்ந்து உருண்டுபோவது. இதில் இரும்பே போய்விட்டது. முதல் வகைக்கு நிமிர்த்திவிட்டால் போதும். இரண்டாவதற்குப் பக்கவாட்டில் உரசி, புதிதாக வாய் எடுக்க வேண்டும். கடையில் ‘ஷார்ப்னர்’ என்ற ஒரே பெயரில் விற்பவற்றில் சில முதல் வேலையைச் செய்கின்றன, சில இரண்டாவதைச் செய்கின்றன. இது தெரியாமல் வாங்கிவிட்டு, வேலை செய்யவில்லை என்று திட்டுகிறோம்.

நீளமான இரும்புக் கம்பிக்குப் பிடி போட்டது போல ஒன்று ஹோட்டல் சமையலறையிலும் கறிக்கடையிலும் இருக்கும். கறிக்கடை பாய் வெட்டுவதற்கு முன்னால் கத்தியை அதில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரக் சரக்கென்று இழுப்பாரே, அதுதான். அது மடங்கிய வாயை நிமிர்த்துகிற கருவி. நல்ல கூர் உள்ள கத்தியைப் பல நாள் அப்படியே வைத்திருக்க அது ரொம்ப உதவும். ஆனால் வருஷக்கணக்கில் தேய்ந்துபோன கத்தியை அதில் எத்தனை தரம் இழுத்தாலும் சத்தம்தான் வரும். ஒரு உறவுக்காரர் இதை ஆசையாக வாங்கி, ஒரு வாரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து போட்டார். எங்களுக்கு அது தினமும் பயன்படுகிறது, காரணம் எங்கள் கத்திகளுக்கு ஏற்கனவே கூர் உண்டு. இதே வடிவத்தில் வெள்ளையாகப் பீங்கான் கம்பியும் கிடைக்கிறது. அது நிமிர்த்துவதோடு கொஞ்சம் உரசவும் செய்யும். கீழே போட்டால் உடையும், மற்றபடி இரும்புக் கம்பியைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

அடுத்தது, ‘வி’ வடிவப் பிளவில் கத்தியை வைத்து இழுக்கிற டப்பா. இருநூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். இதைக் கத்திப் பிரியர்கள் எல்லோரும் வையாத வசை வைவார்கள். வைவதில் நியாயம் இருக்கிறது. உள்ளே இருக்கும் கார்பைடு தகடுகள் வாயை உரசுவதில்லை, சுரண்டி எடுக்கின்றன. கத்தியைத் துடைத்துப் பார்த்தால் பஞ்சில் மினுமினுவென்று இரும்புத் துகள் ஒட்டியிருக்கும். வாய் சொரசொரப்பாக வரும், சீக்கிரம் போய்விடும், மறுபடி இழுக்கத் தோன்றும். இப்படியே இழுத்தால் கத்தியின் நடுப்பகுதி குழிந்து, பலகையில் படாத ஒரு இடைவெளி விழுந்துவிடும். அப்புறம் வெங்காயத்தாளை நறுக்கினால் அந்த இடத்தில் மட்டும் அறுபடாமல் நிற்கும்.

ஆனாலும் ஐம்பது ரூபாய்க் கத்திக்கு அந்த டப்பா போதும் என்பது என் கட்சி. கல்லில் உட்கார்ந்து உரசப் போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்கள், மொக்கைக் கத்தியால் கையை அறுத்துக்கொள்வதைவிட அதை வாங்கிக்கொள்ளலாம். விலை உயர்ந்த கத்தியை மட்டும் அதில் விடாதீர்கள். பீங்கான் சக்கரம் வைத்த டப்பா கொஞ்சம் சாதுவானது.

தெருவில் சைக்கிளில் சாணைச் சக்கரத்தோடு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் இன்னும் வருகிறார்கள். எங்கள் பகுதியில் வருபவர் கத்திக்கு முப்பது, நாற்பது ரூபாய் வாங்குகிறார். அரிவாள், கறிக்கத்தி, பல் விழுந்த (வாய் ஓரம் பெயர்ந்த) கத்தி, கத்தரிக்கோல் இதற்கெல்லாம் அவரை விட்டால் ஆளில்லை. வாயில் பெரிய பொத்தல் விழுந்த கத்தியைக் கையால் உரசிச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆகும், அவர் ஒரே நிமிஷத்தில் முடிப்பார். கவனிக்க வேண்டியது சூடு. மெல்லிய கத்தியைச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் வாய் ஓரம் நீலம் பாய்ந்துவிடும். நீலம் ஓடின இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அப்புறம் அங்கே கூர் நிற்காது. நல்ல சாணைக்காரர் பக்கத்தில் டப்பாவில் தண்ணீர் வைத்து, நொடிக்கொரு தரம் முக்கி எடுப்பார். தண்ணீர் டப்பா இல்லாதவரிடம் நான் அரிவாளைக் கொடுப்பேன், காய்க்கத்தியைக் கொடுக்க மாட்டேன்.

எங்களிடம் திருப்பாச்சேத்தி அரிவாள் ஒன்று இருக்கிறது. மதுரையிலிருந்து ராமேசுவரம் போகிற வழியில் இருக்கும் ஊர், அரிவாளுக்குப் பேர் போனது. தேங்காய் உடைக்கவும் பலாக்காய் பிளக்கவும் அதுதான். அதற்கு முகம் பார்க்கிற கூர் வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை சாணைக்காரரிடம் போனால் போதும்.

இனி கல். நான் கடைசியாக வந்து நின்ற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹார்டுவேர் கடையில் போய் ‘கார்பரண்டம் கல்’ என்று கேட்டால் கறுப்பாக, செங்கலைவிடச் சின்னதாக, ஒரு பக்கம் கொரகொரப்பும் மறுபக்கம் நைசுமாக ஒரு கல் தருவார்கள். நான் வாங்கியபோது இருநூறு ரூபாய்க்குள்தான் இருந்தது. இது பூமியிலிருந்து வெட்டி எடுத்த கல் இல்லை. அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் என்பவர் 1891இல் செயற்கை வைரம் செய்யப் பார்த்து, களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து மின்சாரத்தில் சூடாக்கியபோது கிடைத்த சிலிக்கன் கார்பைடு. வைரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற அளவுக்குக் கடினம். நம் ஊரிலும் 1954 முதல் முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனி சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு சாணைக்கல் தயாரித்து வருகிறது. தச்சுப் பட்டறையில், லேத் பட்டறையில் எல்லாம் புழங்குகிற சாமான் இது. சமையலறைக்கு மட்டும்தான் ஏனோ இன்னும் வந்து சேரவில்லை.

ஆன்லைனில் ஜப்பான் பாணித் தண்ணீர்க் கல் கிடைக்கிறது. 400, 1000, 3000, 6000 என்று எண் போட்டிருக்கும். எண் ஏற ஏறக் கல் நைசாகும். 400 பல் விழுந்த கத்திக்கு, 1000 வழக்கமான தீட்டலுக்கு, 3000க்கு மேல் மெருகுக்கு. காய்கறிக்கு 1000 தாராளம். சொல்லப்போனால் ரொம்ப மெருகேற்றிய வாய் தக்காளித் தோலில் வழுக்கும். லேசாகச் சொரசொரப்பு இருந்தால்தான் கவ்வும். ஒரு கல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் 1000 வாங்குங்கள். 6000 எல்லாம் பொழுதுபோக்கு. எனக்கு அந்தப் பொழுதுபோக்கும் உண்டு என்பது வேறு விஷயம்.

தண்ணீர்க் கல்லைப் பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். குமிழி வருவது நின்றால் தயார். (ஊற வேண்டாத வகையும் உண்டு, அட்டையில் போட்டிருப்பார்கள்.) ஹார்டுவேர் கடைக் கல்லுக்குத் தண்ணீரோ தையல் மெஷின் எண்ணெயோ போடலாம். ஆனால் முதல் நாள் எண்ணெய் என்றால் கடைசி வரை எண்ணெய்தான், மாற்ற முடியாது. நான் எல்லாவற்றுக்கும் தண்ணீர்தான், கழுவுவது சுலபம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்துக் கல்லின் கண்ணை அடைத்துவிடும்.

மேடையில் ஈரத்துணியை மடித்துப் போட்டு அதன்மேல் கல்லை வையுங்கள், நகராது. கத்தியைக் கல்லில் படுக்கப் போட்டு முதுகை மட்டும் தூக்க வேண்டும். எவ்வளவு தூக்குவது என்பதில்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நம் ஊர்க் கத்திக்கும் ஐரோப்பியக் கத்திக்கும் ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி, ஜப்பான் கத்திக்கு 15 டிகிரி என்பது பொதுக் கணக்கு. கோணமானி தேவையில்லை. கத்தியின் அகலம் 4 செ.மீ. என்றால் முதுகு கல்லிலிருந்து 1.4 செ.மீ. உயர்ந்திருந்தால் 20 டிகிரி வந்துவிடும். கிட்டத்தட்ட ஒரு விரல் கனம். 2 செ.மீ. அகலமுள்ள சின்னக் கத்திக்கு 7 மி.மீ. போதும். ஒன்றிரண்டு டிகிரி கூடக் குறைய இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆரம்பித்த கோணத்தை மாற்றாமல் முடிப்பதுதான் முக்கியம்.

கோணம் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மார்க்கர் பேனாவால் வாய் ஓரம் நெடுக மை பூசிவிடுங்கள். நாலைந்து தரம் உரசிவிட்டுப் பாருங்கள். நுனி ஓரத்தில் மை போகாமல் மேல் பகுதியில் மட்டும் போயிருந்தால் முதுகை இன்னும் தூக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் போயிருந்தால் தாழ்த்த வேண்டும். முழுக்கப் போயிருந்தால் கை அமைந்துவிட்டது.

அப்புறம் ஒரே பக்கத்தை மிதமான அழுத்தத்தில் உரசிக்கொண்டே இருங்கள். கல்லின் மேல் சாம்பல் நிறத்தில் சேறு சேரும். அதைக் கழுவ வேண்டாம், உரசும் வேலையில் பாதி அதுதான் செய்கிறது. எவ்வளவு நேரம் உரசுவது? எண்ணிக்கை கிடையாது. மறுபக்கத்தில் பிசிறு, அதாவது உரசின இரும்பு ஓரத்தில் மெல்லிசாக மடிந்து நிற்பது, வரும் வரை. கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி மெதுவாகக் கொண்டுபோனால் (வாய் நெடுக ஓட்டாதீர்கள், அறுத்துவிடும்) ஓரத்தில் ஏதோ நறநறவென்று தட்டுப்படும். பஞ்சை இழுத்துப் பார்த்தாலும் சிக்கும். அந்தப் பிசிறு அடியிலிருந்து நுனி வரை ஒரே சீராக வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. வராத இடத்தில் கல் இன்னும் வாயைத் தொடவில்லை. பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கமும் அதே மாதிரி. கடைசியில் அழுத்தமே கொடுக்காமல் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். கல்லில் தீட்டியும் கூர் வரவில்லை என்கிறவர்கள் பெரும்பாலும் பிசிறு வருமுன்பே நிறுத்தியவர்கள், அல்லது வந்த பிசிறை எடுக்காமல் விட்டவர்கள்.

பிசிறை முழுதாக எடுக்கப் பழைய தோல் பெல்ட்டிலோ மடித்த செய்தித்தாளிலோ, வாய் பின்னால் இருக்கிற மாதிரி, நாலு இழுப்பு இழுத்தால் நல்லது. முடி திருத்துகிறவர்கள் சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டுவதும் இதற்குத்தான். பனையேறிகள் பாளை சீவும் அரிவாளுக்கு மரப்பலகையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவித் தீட்டுவார்கள். பாளையை நறுக்கென்று, நசுங்காமல் சீவினால்தான் சாறு ஒழுங்காகச் சொட்டும். காய்க்கத்தியைவிட எத்தனையோ மடங்கு கூர் அதற்கு வேண்டும், அதை ஒரு பலகையும் ஒரு பிடி பொடியும் கொடுக்கின்றன. அதை நினைத்தால் மூவாயிரம் ரூபாய்க் கருவிகளைப் பார்க்கும்போது கொஞ்சம் சிரிப்பு வரும்.

காசே செலவழிக்காமல் பரீட்சை பார்க்க விரும்பினால் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பளபளப்பு ஏறாத, வெள்ளையாகச் சொரசொரத்த ஒரு வளையம் இருக்கும். கத்தியை அதே கோணத்தில் வைத்துப் பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுத்தால் வளையத்தில் பென்சில் கீறல் போலக் கறுப்பாகக் கோடு விழும். அது கத்தியின் இரும்பு. பீங்கான் டீ கப்பின் அடியும் இதே வேலையைச் செய்யும். மனைவி ஊருக்குப் போகும்போது கல்லைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? மாமியார் வீட்டு ஜாடியில்தான் தீட்டிக் கொடுத்துவிட்டு வருகிறாள். பெயிண்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பரும் (ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாள்) நல்ல மாற்று. 400, 1000 இரண்டு தாள் வாங்கித் தட்டையான டைல்ஸ் துண்டில் ஈரப்படுத்தி ஒட்டிக்கொள்ளலாம். தாளில் வாயை முன்னால் தள்ளினால் கிழித்துவிடும், பின்னோக்கி மட்டும் இழுக்க வேண்டும். அதே தாளில் தேய்த்தால் நடுவில் குழி விழுந்த தண்ணீர்க் கல்லையும் சமப்படுத்திவிடலாம்.

ஊறப் போடுவது, சமப்படுத்துவது எல்லாம் பொறுமைக்குச் சரிவராது என்பவர்களுக்கு டைமண்ட் தகடு. இரும்புத் தகட்டில் வைரத்தூள் பதித்தது. குழி விழாது, ஊற வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் ஆயிற்று. அழுத்தித் தேய்த்தால் தூள் பெயர்ந்துவிடும், கத்தியின் கனமே போதும். கோணத்தைப் பிடித்துக்கொள்ளும் கவ்வி வைத்த செட்டுகளும் இருக்கின்றன. வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் மாட்டிக் கழற்றவே பொழுது போய்விடும். கரண்டில் ஓடுவது எங்களுக்குத் தேவைப்படவில்லை.

கத்தியின் இரும்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐரோப்பியக் கத்திகளில் பெரும்பாலும் அரை சதவீதம் கார்பன், 15 சதவீதம் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு. இரும்பின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 55, 56 இருக்கும். சீக்கிரம் மடங்கும், சீக்கிரம் நிமிரவும் செய்யும். கம்பியும் சாதாரணக் கல்லும் இதற்குப் பொருத்தம். ஜப்பான் கத்தி 60க்கு மேல். ரொம்ப நாள் கூர் நிற்கும், ஆனால் வாய் மடங்காது, சில்லாகப் பெயர்ந்துவிடும். அதை இரும்புக் கம்பியில் தட்டக் கூடாது, கல்தான். ரம்பப் பல் வைத்த பிரெட் கத்தியைத் தட்டையான கல்லில் உரசினால் பல் போய்விடும். அதை அப்படியே விட்டுவிடுங்கள், பல வருஷம் உழைக்கும்.

அரிவாள்மணை தனி ரகம். எங்கள் அக்காவுக்கு இன்றைக்கும் வாழைப்பூவும் கீரையும் அதில்தான் அரிய வேண்டும், கத்தியைக் கொடுத்தால் முகம் சுளிப்பார். “இது தேய்ஞ்சாலும் எனக்குச் சொல்பேச்சு கேக்கும் தம்பி” என்பார். அதில் வளைவு உள்பக்கமாக இருப்பதால் தட்டைக் கல் முழுதாகப் படியாது. கல்லின் ஒடுங்கிய பக்கத்தையோ பீங்கான் கம்பியையோ கையில் பிடித்து, மணையைக் காலால் மிதித்துக்கொண்டு, பின்பக்கம் நின்று கல்லை நகர்த்த வேண்டும். இங்கே அசைவது கல், அலகு நிற்கும். தேங்காய்த் துருவல் பல்லுக்குச் சின்ன முக்கோண அரத்தால் இடுக்கு இடுக்காக ஒரு இழுப்பு.

இவ்வளவும் செய்துவிட்டுக் கத்தியை எவர்சில்வர் தட்டில் வைத்து நறுக்கினால் ஒரே நாளில் எல்லாம் போச்சு. கிரானைட் மேடை, கண்ணாடிப் பலகை இரண்டும் கத்திக்கு ஜென்ம விரோதி. மரப்பலகை அல்லது பிளாஸ்டிக் பலகைதான் வேண்டும். நறுக்கிய காயை வாணலியில் தள்ளும்போது கத்தியின் வாயால் வழிக்காமல் திருப்பி முதுகால் வழியுங்கள். கரண்டிகளோடு கலந்து சிங்க்கில் போடாமல் தனியாகக் கழுவித் துடைத்து வையுங்கள். முன்பு வாரத்துக்கு இரண்டு முறை தொட்ட கல்லை, இந்தப் பழக்கம் வந்த பிறகு நாங்கள் மாதத்துக்கு ஓரிரு முறைதான் எடுக்கிறோம்.

புதிதாக ஆரம்பிக்கும் ஒரு வீட்டுக்கு என் சிபாரிசு: 1000 எண் கல் ஒன்று, இல்லையென்றால் ஹார்டுவேர் கடைக் கல்லோடு ஒரு வாட்டர் பேப்பர், தினப்படிக்கு ஜாடியின் அடி. முதலில் டிராயரில் கிடக்கும் பழைய கத்தி ஒன்றை எடுத்துக் கை பழகுங்கள், கெட்டாலும் நஷ்டமில்லை.

தீட்டி முடித்ததும் கத்தியைக் கழுவிவிட்டு வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். மொக்கைக் கத்தியில் அழுத்தி அழுத்திப் பழகின கை, கூரான கத்தியிலும் அதே வேகத்தில் அழுத்தும். “கத்தி இவ்ளோ கூரா இருந்தா கை போயிரும்டா” என்று அம்மா பயந்தது இதனால்தான். தீட்டிய அன்று கத்தியின் பிடியில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவைத்துவிடுவேன். காலையில் அதைப் பார்த்தால் அக்கா அழுத்தாமல் நறுக்குவார், இரண்டு நாள் கழித்து அவரே கழற்றி வைத்துவிடுவார்.